மூதாதையரைத் தாயகத்துக்கு அழைக்கும் நியூசிலாந்துத் திட்டம்

நியூசிலாந்தின் பழங்குடிகளான மாவோரி மக்களுடையவும், அதற்குக் கிழக்கேயுள்ள சாத்தம் தீவுகளின் மொரியோரி மக்களுடையவுமான மூதாதையர் எலும்புகளும், பச்சை குத்திப் பதப்படுத்தப்பட்ட தலைகளும் 19-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. எலும்புகள் பல, புதைகுகைகளிலிருந்து களவாடப்பட்டவை; தலைகளோ துப்பாக்கிகளுக்குப் பண்டமாற்றாகவும் கைமாறியவை. இவற்றைத் திரும்பக் கொணரும் பொறுப்பை நியூசிலாந்து அரசு 2003-இல் வெலிங்டனிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தது. அத்திட்டத்தின் பெயரிலுள்ள 'கரங்கா' என்ற சொல், வந்தவர்களை வரவேற்கப் பெண்கள் குரலெடுத்து விடுக்கும் அழைப்பைக் குறிக்கும்.

தே பாப்பா, எச்சங்களை வைத்திருக்கும் நிறுவனம் ஆகிய இரு தரப்பின் இசைவோடு மட்டுமே எச்சங்கள் பெறப்படும்; அயல்நாடுகளிலுள்ள போர்வீரர்களின் கல்லறைகள் இத்திட்டத்தில் அடங்கா. எச்சங்களுக்காக அயல்நாட்டு நிறுவனங்களுக்கு விலை எதுவும் தரப்படமாட்டாது. ஆனால் முன்பு இவற்றுக்கு விலை பேசப்பட்டதும் உண்டு. ராப்லி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தாம் திரட்டிய தலைகளை முதலில் நியூசிலாந்து அரசுக்கே விற்க முன்வந்தார், அரசு வாங்கவில்லை. அவற்றில் பெரும்பகுதியை நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அதே அருங்காட்சியகம் 2014-இல் 107 மூதாதையரின் எச்சங்களை ஒப்படைத்தபோது, ராப்லி திரட்டியவற்றுள் 35 தலைகளும் அவற்றோடு திரும்பின.

வேண்டுகோளுக்கு எதிர்த்தரப்பு இணங்கினாலும், அந்நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கலாம். பிரான்சின் ரூவன் நகர அருங்காட்சியகத்தில் 1875 முதல் இருந்த தலையைத் திருப்பித்தர நகர மன்றம் 2007-இல் முடிவெடுத்தும், அது பிறருக்குக் கைமாற்ற இயலாத பொதுச்சொத்து என்று பண்பாட்டு அமைச்சகம் தடுத்தது. 2010-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பிறகே, 2011 மே மாதம் அத்தலை ஒப்படைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் பாரிஸில் மேலும் 20 தலைகள் கையளிக்கப்பட்டன. பிரிட்டனில் நிலைமை நேர்மாறானது: எச்சங்களைத் திருப்பித்தர 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தும், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2008-இல் எலும்புகளை மட்டும் தர இசைந்து, ஏழு தலைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

தாயகம் வந்து சேரும் மூதாதையர், சடங்குகளோடு தே பாப்பாவுக்குள் வரவேற்கப்பட்டு, தனியே ஒதுக்கப்பட்ட புனித இடத்தில் வைக்கப்படுகின்றனர். அருங்காட்சியகச் சேகரிப்புப் பதிவேட்டில் அவர்கள் சேர்க்கப்படுவதில்லை, காட்சிக்கும் வைக்கப்படுவதில்லை. பிறகுதான் நெடிய வேலை தொடங்குகிறது. பழைய கடிதங்களையும் ஏலப் பட்டியல்களையும் அருங்காட்சியகக் குறிப்பேடுகளையும் ஒப்புநோக்கி, ஒவ்வொருவரும் எந்த 'இவி', அதாவது எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்று ஆய்வாளர்கள் தேடுகின்றனர். குடி தெரிந்தால், எங்கே, எப்போது அடக்கம் செய்வது என்பதை அக்குடியினரே முடிவு செய்வார்கள். பெயர்ச்சீட்டில் 'நியூசிலாந்து' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதப்படாதவர்கள் அந்தப் புனித இடத்திலேயே காத்திருக்கிறார்கள்.