டீபக்கரிடம் பொய் சொல்லும் குறிப்புகள்

நிரல் முறிந்தபோது டீபக்கர் (பிழை தேட உதவும் கருவி) காட்டிய ஸ்டாக் தடத்தை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலை, நம்பி இரண்டு நாட்கள் ஒரு ஃபங்ஷனைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்த ஃபங்ஷன் அப்போது அழைக்கப்படவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

குற்றவாளி, செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளியில் கையால் எழுதிய ஒரு சின்ன ரொட்டீன். ஒரு ரெஜிஸ்டரின் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) மதிப்பைக் காப்பாற்ற, அதை ஸ்டாக்கில் வைக்கும் ஒரு புஷ் கட்டளையை யாரோ நடுவில் சேர்த்திருந்தார். அதோடு சேர வேண்டிய சிஎஃப்ஐ குறிப்பை, அதாவது ஸ்டாக் எவ்வளவு நகர்ந்தது என்று டீபக்கருக்குச் சொல்லும் வரியை, எழுதவில்லை. நிரல் ஒழுங்காக ஓடியது. சோதனைகள் எல்லாம் தேறின. டீபக்கர் மட்டும் எட்டு பைட் பிசகி, ஸ்டாக்கில் வைத்த அந்த மதிப்பையே திரும்பும் முகவரி என்று எடுத்துக்கொண்டது. என் கெட்ட நேரம், அந்த ரெஜிஸ்டரில் இருந்தது ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், அதாவது வேறொரு ஃபங்ஷனின் முகவரி. குப்பை எண்ணாக இருந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்பேன்.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கம்பைலரே குறிப்புகளை எழுதிவிடும். அசெம்பிளியில் அது நம் பொறுப்பு. எக்ஸ்86-64 செயலியில் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது ஃபிரேமின் (ஸ்டாக்கில் அந்த ஃபங்ஷனுக்கு உரிய பகுதி) அடிப்படை முகவரி, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டரோடு 8 கூட்டினால் வரும். திரும்பும் முகவரியை டீபக்கர் இதை வைத்தே தேடும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அந்த 8 மேலும் 8 கூடும், பாப் செய்து மதிப்பைத் திரும்ப எடுத்தால் குறையும். இதைக் குறிப்பாக எழுதினால் அசெம்பிளர் அப்படியே டீபக்கர் படிக்கும் ட்வார்ஃப் அட்டவணையில் ஏற்றிவிடும். குறிப்பும் கட்டளையும் ஒத்துப்போகின்றனவா என்று அது பார்ப்பதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுபவர்களே இதில் சலித்துப்போனார்கள். 2015இல் அவர்களில் ஒருவரான இங்கோ மோல்னார் எக்ஸ்86 அசெம்பிளிக் கோப்புகளிலிருந்து இந்தக் குறிப்புகளை மொத்தமாக நீக்கினார். கெர்னலுக்குள் நுழையும் இடத்தில் உள்ள மிக நுட்பமான குறியீட்டைப் படிக்க முடியாதபடி மேக்ரோக்கள் (பல வரிகளுக்குப் பதிலாக இடும் ஒற்றைப் பெயர்கள்) மூடிவிட்டன, சரிபார்க்கக் கருவி இல்லாததால் குறிப்புகள் மெல்ல மெல்லக் கெட்டுப்போகின்றன என்பவை அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானவை. பின்னர் ஆப்ஜ்டூல் என்ற கருவி வந்தது. அது கட்டளைகளையே ஆராய்ந்து ஸ்டாக் தகவலைத் தயாரிக்கிறது. அதை நம்பி ஸ்டாக் தடம் எடுக்கும் ஓஆர்சி முறை 2017இல் 4.14 பதிப்பில் சேர்ந்தது. கையால் குறிப்பெழுத வேண்டிய இடங்கள் அங்கே இப்போது வெகு சில.

நம்மிடம் ஆப்ஜ்டூல் இல்லையென்றால்? ரெஜிஸ்டர் ஒன்றை விட்டுக்கொடுக்க முடிந்த இடத்தில் ஃபிரேம் பாயிண்டரை வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் ஆர்பிபி ரெஜிஸ்டரின் பழைய மதிப்பைச் சேமித்து, ஸ்டாக் பாயிண்டரை அதில் நகலெடுத்து, அடிப்படை முகவரியை அதிலிருந்தே கணக்கிடும்படி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிறகு நடுவில் யார் எத்தனை புஷ் சேர்த்தாலும் திரும்பும் முகவரி தொலையாது. முடியாத இடத்தில், புஷ்ஷையும் அதன் குறிப்பையும் ஒரே மேக்ரோவில் பூட்டுங்கள். மேக்ரோ அந்த இரண்டு வரிகளோடு நிற்கட்டும்; அதற்குள் வேறு வேலை எதையும் ஒளித்து வைத்தால் கெர்னலுக்கு நேர்ந்ததே நமக்கும் நேரும். குறிப்பில் மொத்தத் தொலைவை எழுதாமல் கூடுதல் குறைவை மட்டும் எழுதுங்கள். மொத்தமாக எழுதினால், மேலே ஒரு வரி நுழைந்ததும் கீழே உள்ள எல்லாக் குறிப்புகளும் பொய்யாகிவிடும். ஃபங்ஷனின் நடுவிலேயே திரும்பிச் செல்லும் பாதை இருந்தால், அதற்கு முன் நிலையை நினைவில் வைக்கவும் பின் மீட்கவும் தனிக் குறிப்புகள் உண்டு. பலரும் மறப்பது இவற்றைத்தான்.

இவ்வளவும் செய்தாலும் சோதனை இல்லாமல் நம்பாதீர்கள். நான் ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது டீபக்கரில் ரொட்டீனைக் கட்டளை கட்டளையாக நகர்த்தி, ஒவ்வொரு அடியிலும் அழைத்தவரின் பெயர் சரியாக வருகிறதா என்று பார்க்கும். எழுத ஒரு பிற்பகல் பிடித்தது. முதல் ஓட்டத்திலேயே மேலும் மூன்று பிழைகள் சிக்கின. அவற்றில் இரண்டு நான் எழுதியவை.