கொண்டை: ரொட்டியும் அல்ல, முடிச்சும் அல்ல

"நீண்ட நேரான முடியில் குழப்பமான ரொட்டி செய்வது எப்படி?" இப்படி ஒரு தலைப்பு. கூந்தல் அலங்காரக் குறிப்புகளைத் தமிழில் தேடுகிறவர்கள் இந்த ரொட்டியைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. ஆங்கிலத்தில் வட்ட ரொட்டிக்கும் தலையில் சுருட்டி வைக்கும் முடிக்கும் 'பன்' என்று ஒரே பெயர். மொழிபெயர்த்தவர், அல்லது மொழிபெயர்த்த இயந்திரம், தலையை விட்டுவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டது. அதைத் திருத்தாமல் வெளியிட்ட மனிதரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் வீட்டிலும் யாராவது கொண்டை போட்டிருப்பார்கள்தானே?

சொல் கொண்டை. திரட்டிச் சுருட்டிக் கட்டிய கூந்தல், பறவையின் தலைச்சூட்டு, ஆணியின் தலை என்று பொருள் விரியும். எங்கேயும் அடிப்படை ஒன்றுதான்: திரண்டு எழுந்து நிற்பது. மலையாளத்தில் கொண்ட, தெலுங்கு, கன்னடத்திலும் உறவுச் சொற்கள் உண்டு. கூந்தலுக்கு ஐம்பால் என்ற பழைய பெயருக்கு உரைகாரர்கள் சொல்லும் ஐந்து வகை முடிப்புகளில் கொண்டையும் ஒன்று. சேவலுக்குக் கொண்டை, கொண்டைக்குருவி, கொண்டைக்கடலை என்று ஊரெல்லாம் புழங்குகிற சொல். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைச்சாலையின் அறிவிப்புப் பலகையில் மரியாதையோடு நிற்கிற சொல், தலைமுடியைப் பற்றி எழுதும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது?

ரொட்டியை அறியாமை என்று தள்ளிவிடலாம். எனக்கு அதிக வருத்தம் தருவது, தெரிந்தே செய்யப்படும் இன்னொன்று: 'கூந்தல் முடிச்சு'. கொண்டை என்றால் பாட்டிமார் போடுவது, எழுத்தில் வைத்தால் பட்டிக்காடாகத் தெரியும் என்ற எண்ணத்தில் இந்தத் தொடரைக் கையாளுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் தவறு.

முடிச்சு என்றால் ஒரு நுனி இன்னொன்றுக்குள் நுழைந்து இறுக வேண்டும். கொண்டையில் அது நடப்பதே இல்லை. கோரை முடிக்காரர்கள் வீட்டில் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். (கோரை முடி என்ற அருமையான சொல் இருக்கும்போது 'நேரான முடி' எதற்கு? கோரைப் புல் போல வழவழவென்று வளையாமல் நீண்டு தொங்குவது அது.) முடி முழுவதையும் பிடரிக்கு மேலே ஒரு கையால் இறுகப் பிடித்து, மறு கையால் ஒரே திசையில் முறுக்குகிறார்கள். முறுக்கு ஏற ஏற அது தானாகவே வளைந்து தன்னைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கும். அந்தப் போக்கிலேயே சுற்றிக்கொண்டு போய், நுனியைச் சுருளின் அடியில் செருகுகிறார்கள். அப்புறம் கொண்டை ஊசி. அதை நேராகக் குத்தினால் கோரை முடியில் நிற்காது. வழுக்கி வெளியே வந்துவிடும். சுருளின் ஓரத்து முடியில் கொஞ்சத்தை ஊசியின் இரு காலுக்கும் நடுவே பிடித்து, ஊசியை அப்படியே திருப்பி, தலையை ஒட்டினாற்போல் சுருளின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். முறுக்கல், சுற்றல், செருகல். இதில் முடிச்சு எங்கே வருகிறது? முடிச்சு என்று நம்பி ஒரு பெண் உண்மையிலேயே முடிச்சுப் போட்டுவிட்டால், அது இறுகிப்போய் அவிழ்க்கும்போது முடி அறுந்தும் வரலாம்.

"கோடாலி முடிச்சு என்று நம் வழக்கிலேயே உண்டே" என்பார்கள். உண்டு. தலைக்குக் குளித்த ஈரத்தோடு, ஊசியும் இல்லாமல் ரப்பரும் இல்லாமல், முடியாலேயே ஒரு வளையம் செய்து அதற்குள் மிச்ச முடியை இழுத்து விடுவது அது. அங்கே உண்மையாகவே முடிச்சு விழுகிறது, அதனால் அந்தப் பெயர். ஒரு வகைக்கு உரிய பெயரை எடுத்து எல்லா வகைக்கும் போர்த்தினால், வேறுபாடு அழிந்துபோகும். இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைத்த மொழியில் ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டுவது மொழிக்குச் செய்யும் அநியாயம்.

'பன்' என்றே எழுதிவிடலாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அழகு நிலையத்தில் பேச்சுக்கு வரட்டும், எனக்குச் சண்டை இல்லை. பெயரே இல்லாத பொருள் வந்தால் கடன் வாங்குவதும் சரிதான். இங்கே கடன் வாங்க என்ன தேவை? பின்னலைச் சுருட்டி வட்டமாக வைத்தால் பிச்சோடா. ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டால் ஆண்டாள் கொண்டை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். முடி போதாதவர்கள் சவுரி வைத்துக் கட்டினார்கள். இன்று அதே வேலைக்குப் பஞ்சு வளையம் விற்கிறார்கள்; அதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு தின்பண்டத்தின் பெயர் என்பதால், தமிழில் 'டோனட் ரொட்டி' என்று வந்துவிடுகிறது. கொண்டை வளையம் என்றால் கடைக்காரருக்கும் புரியும், வாங்குகிறவருக்கும் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சொல்லைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். படத்தில் ஒரு பெண் முடியை அள்ளிச் செருகியிருக்கிறாள், காதோரம் நாலு இழை பிரிந்து விழுந்திருக்கிறது. இதைப் பார்த்து யாராவது 'குழப்பமான' என்று சொல்வார்களா? கலைந்த கொண்டை, அள்ளிச் செருகிய கொண்டை என்றுதானே வாயில் வரும்! உச்சந்தலையில் நிற்பதை உச்சிக் கொண்டை என்று எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஷின்யோன் என்று சொல்லும் கொண்டையின் பெயருக்கு மூலப் பொருளே பிடரிதான். ஆகவே அது பிடரிக் கொண்டை. நீள முடி வளர்க்கும் ஆண்கள் கட்டுவதை 'ஆண் ரொட்டி' என்று போடுகிறவர்கள், தயவுசெய்து குடுமி என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வினையும் முக்கியம்: கொண்டையை யாரும் 'செய்வதில்லை', 'உருவாக்குவதில்லை'. போடுகிறோம், கட்டுகிறோம், முடிகிறோம்.