வன்னி வெயிலும் சோளகமும் மாரியும்: எலெக்ரிக் பைக்கை வருசம் முழுக்க ஓடுறதுக்கு

கிளிநொச்சிப் பக்கம் எலெக்ரிக் பைக் திருத்திற வேலை செய்யிற ஆள் நான். என்னட்ட வாற ஆக்கள் அதிகமாக் கேக்கிற கேள்வி "அண்ணை, மழைக்கு இதை எடுக்கலாமோ?" எண்டதுதான். வெயிலுக்கு எடுக்கலாமோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஆனா கராஜுக்கு வாற பழுதான பற்றறிகளை எடுத்துப் பாத்தா கனக்கப் போனது வெக்கையில, இல்லாட்டி மாரிக்குப் பயந்து ரெண்டு மூண்டு மாசம் மூலையில நிப்பாட்டி வைச்சதால. மழையில நனைஞ்சு போனது அதைவிடக் குறைவு. இதை எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு கனநாளா யோசிச்சுக்கொண்டிருந்தனான், ஏனெண்டா வருசம் முழுக்க ஓடி அனுபவிக்கக்கூடிய ஒரு சாமானை நாங்கள் அரைவருசம் பயத்தில பூட்டி வைக்கிறம், மிச்ச அரைவருசம் வெயில்ல போட்டு அவிக்கிறம்.

2022ல பெற்றோல் இல்லாம செட்டுக்கு முன்னால கியூஆரோட வரிசையில நிண்ட காலத்திலதான் கனபேர் இந்தப் பக்கம் திரும்பினவை. பெற்றோல் திரும்பக் கிடைக்கத் தொடங்கின பிறகும் ஓடிப் பழகின ஆக்கள் விடுறாயில்லை. இரணைமடுக் குளக்கட்டால விடிய ஒருக்கா ஓடிப் பாருங்கோ, கரையில நிக்கிற கொக்கு கூட எழும்பாது, தண்ணி அலையடிக்கிறது கேக்கும், ஆரோடயாவது கதைச்சுக்கொண்டு போறதெண்டாலும் கத்தத் தேவையில்லை. இந்த ஊரை இப்பிடிப் பாக்கிறது பெற்றோல் பைக்கில கிடைக்காது எண்டு நான் உறுதியாச் சொல்லுவன்.

முதல்ல உங்கட பைக்கில என்ன பற்றறி இருக்கெண்டு தெரிஞ்சு வைச்சிருங்கோ. எங்கட பக்கம் கனக்க ஓடுறது ஈயப் பற்றறி, கடையில ஜெல் பற்றறி எண்டு சொல்லுவினம், 12 வொல்ற் பெட்டி அஞ்சைத் தொடுத்து 60 வொல்ற் ஆக்கியிருக்கும். மற்றது லித்தியம், பாரம் குறைவு, விலை கூட. ரெண்டும் ரெண்டு குணம். ஈயப் பற்றறியை ஓடி முடிச்ச அண்டைக்கே சார்ஜ் போட்டு நிரப்பி வைக்கவேணும், இறங்கின நிலையில விட்டா உள்ளுக்க தகட்டில வெள்ளையாப் படிஞ்சு இறுகிப்போடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. லித்தியம் அப்பிடியில்லை, அதுக்கு நாள்க்கணக்கா நூறு வீதத்தில நிரப்பி வைக்கிறதுதான் கூடாது, கனநாள் நிப்பாட்டுறதெண்டா பாதி சார்ஜில நிப்பாட்டவேணும். ஒண்டின்ர சார்ஜரை மற்றதுக்குக் குத்தவே கூடாது. பிளக் பொருந்துது எண்டு பக்கத்து வீட்டுச் சார்ஜரைக் குத்தி லித்தியம் பற்றறியைக் கெடுத்த ஆக்களும் இருக்கினம், அது தீப்பிடிக்கிற அலுவல், விளையாட்டில்லை.

தை, மாசிதான் வன்னியில ஓடுறதுக்கு வடிவான காலம். மழை விட்டிருக்கும், குளமெல்லாம் நிறைஞ்சு நிக்கும், காலபோக நெல்லு வெட்டுத் தொடங்கியிருக்கும். வெக்கை இல்லாததால பற்றறியும் நல்லாக் குடுக்கும். கவனிக்க வேண்டியது றோட்டில காயப்போட்ட நெல்லு. பரந்தன் முல்லைத்தீவு றோட்டால போற ஆக்களுக்குத் தெரியும், கரை முழுக்க நெல்லுப் பரவியிருக்கும், அதுக்கு மேல பிறேக் பிடிச்சா சில்லு வழுக்கும். வயல் பாதையில வைக்கோல் பின் சில்லு அச்சில சுத்திக்கொள்ளும், மோட்டர் வயர் வெளியில வாறதும் அந்த அச்சாலதான், அதால வீட்டை வந்து ஒருக்காக் குனிஞ்சு பாத்துக் கழட்டி விடுங்கோ. விடியப்புறம் பனி மூடியிருந்தா பகல்தானே எண்டு நினைக்காம லைற்றைப் போட்டு ஓடுங்கோ.

பங்குனி பிறக்கத் தொடங்கும் எங்கட உண்மையான பிரச்சினை. பிறகு புரட்டாதி மட்டும் வெக்கைதான், 35 பாகையைத் தாண்டுறது இங்க புதினமில்லை. ஈயப் பற்றறியின்ர ஆயுளைக் கொம்பனிக்காரன் சொல்லுறது 25 பாகைக் கணக்கில, அதுக்கு மேல ஒவ்வொரு 8, 10 பாகைக்கும் ஆயுள் பாதியாக் குறையும் எண்டது பற்றறித் தொழில் செய்யிற ஆக்கள் எல்லாரும் வைச்சிருக்கிற கணக்கு. இப்ப நீங்களே யோசியுங்கோ, தகரக் கூரைக்குக் கீழ, நாலு பக்கமும் காத்து வராத கொட்டிலுக்குள்ள நிப்பாட்டின பைக்கின்ர சீற்றுக்குக் கீழ எவ்வளவு சூடு இருக்குமெண்டு. ஒட்டுசுட்டானுக்கு அங்கால படிப்பிக்கிற ஒரு ரீச்சர் ஒவ்வொரு நாளும் பைக்கைப் பள்ளிக்கூட வெட்டையில விட்டிட்டு, பின்னேரம் வீட்டை வந்த கையோட சார்ஜில போட்டிருக்கிறா. ஒரு கோடை முடியிறதுக்குள்ள அஞ்சு பெட்டியும் வீங்கிப்போச்சு. பைக்கில ஒரு பிழையும் இல்லை. சூடா இருக்கிற ஈயப் பற்றறி சார்ஜ் நிரம்பின பிறகும் அளவுக்கு மிஞ்சி கரண்டை இழுக்கும், அதால இன்னும் சூடாகும், உள்ளுக்க இருக்கிற ஈரம் வத்தும், பெட்டி வீங்கும். மலிவுச் சார்ஜருகள் சூட்டைப் பாத்துக் குறைக்கிறேல்ல. லித்தியமெண்டாலும் 45 பாகைக்கு மேல சூடா இருக்கேக்க சார்ஜ் போடக்கூடாது, வெயில்ல நிண்ட பைக்கின்ர பெட்டிக்குள்ள அந்தச் சூடு சும்மாவே வந்திடும்.

அதால கோடையில ஓடி வந்தவுடனை குத்தாதேங்கோ. ஒரு மணித்தியாலமாவது நிழல்ல ஆறவிடுங்கோ, தொட்டுப் பாத்துச் சூடில்லாட்டி மட்டும் போடுங்கோ, இரவு சாப்பிட்டு முடிச்சுப் போட்டா இன்னும் நல்லம். ஆனா படுக்கிற அறைக்குள்ள வைச்சுப் போடவேண்டாம், விறாந்தையில, காத்து வாற இடத்தில போடுங்கோ. பகல்ல வேம்போ புளியோ ஒரு மர நிழல் கிடைச்சா அதுக்குக் கீழ விடுங்கோ, நிழல் நகரும், மத்தியானம் எங்க நிழல் விழும் எண்டு பாத்து விடுங்கோ. தகரக் கொட்டிலெண்டா மேல கிடுகு போட்டுப் பாருங்கோ, வித்தியாசம் கையிலயே தெரியும். ரயரில காத்தும் கிழமைக்கு ஒருக்காப் பாக்கவேணும், குறைஞ்ச காத்தோட சுடு தாரில ஓடினா ரயரும் தேயும், தூரமும் குறையும்.

இந்த வெக்கையிலயும் ஓடுறதுக்கு நேரம் இருக்கு, விடிய அஞ்சரையில இருந்து எட்டு மட்டும், பிறகு பின்னேரம் வெயில் தாழ. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், தண்ணியூற்று, முள்ளியவளைப் பக்கமா விடிய வெளிக்கிட்டா சனம் நடந்து போறதைப் பாத்துக்கொண்டு ஆறுதலா ஓடலாம். அதுக்குப் பிறகு பாலைப்பழம், ஏ9 கரையில வைச்சு விப்பினம், நிப்பாட்டி வாங்கித் திண்டிட்டுப் போற சந்தோசத்துக்காகவே நான் அந்தக் காலத்தில தூர ஓட்டம் ஒண்டு வைக்கிறனான்.

ஆனா அந்த மாசங்களில சோளகம், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கும், அதைக் கணக்குப் பாக்காம வெளிக்கிட்டுத்தான் கனபேர் நடுவழியில நிக்கிறவை. 60 வொல்ற் 20 ஆம்பியர்-அவர் (Ah) பற்றறி எண்டா பெருக்கிப் பாருங்கோ, 1200 வாட்-அவர் (Wh), அதுதான் பற்றறிக்குள்ள இருக்கிற மொத்தச் சக்தி. மட்டமான றோட்டில, ஓராள் ஏறி, கிலோமீட்டருக்கு 25, 30 வாட்-அவர் போகுமெண்டு வைச்சா 40இல இருந்து 48 கிலோமீட்டர் வரும், அதுவும் புதுப் பற்றறிக்கு. கடைசிச் சொட்டு மட்டும் இறக்கவும் கூடாது. கடையில சொல்லுற தூரம் மெதுவா ஓடிப் பாத்த தூரம், அதை நம்பி வெளிக்கிடாதேங்கோ. நீங்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில ஓடேக்க முன்னால இருந்து 20 வேகத்தில காத்தடிச்சா பைக்குக்கு அது 50இல ஓடுற மாதிரி, காத்து இழுக்கிற பாரம் கிட்டத்தட்ட மூண்டு மடங்கு ஆயிடும். முல்லைத்தீவில இருந்து மாங்குளத்துக்குப் போற ஏ34 மேற்கு நோக்கிப் போற றோட்டு, சோளகம் முகத்தில அடிக்கும், திரும்பி வரேக்க முதுகில தள்ளும். அதால முல்லைத்தீவில இருந்து அந்த றோட்டால கொஞ்சத் தூரம் போய்த் திரும்புற ஆக்கள் போகேக்க பாதிக்கு மேல சார்ஜ் போனாலும் பயப்பிடாதேங்கோ, ஆனா மற்றப் பக்கமா, மாங்குளத்தில இருந்து வெளிக்கிட்டு வாற ஆக்கள் போகேக்க நல்லா ஓடுது எண்டு சந்தோசப்பட்டா திரும்பேக்க மாட்டுப்படுவியள். வேகத்தைக் குறைக்கிறதுதான் ஒரே வழி, 25இல ஓடினா வீடு வந்து சேரலாம்.

இனி மாரி. ஐப்பசியில பின்னேர இடி மின்னல் தொடங்கும், அந்த நேரம் சார்ஜரைச் சுவிச்சில நிப்பாட்டினாக் காணாது, பிளக்கையே கழட்டி விடுங்கோ. மின்னலுக்குப் போன சார்ஜர் எனக்கு ஒவ்வொரு வருசமும் வரும். மழைக்கு ஓடலாமோ எண்டா, ஓடலாம், தாராளமா ஓடலாம். தூவானம், மழை, சில்லால தெறிக்கிற தண்ணி எல்லாம் தாங்கிற மாதிரித்தான் இதுகளைச் செய்யிறது. தாங்காதது தண்ணிக்குள்ள தாழுறது. மோட்டர் பின் சில்லுக்குள்ள இருக்கு, பத்து இஞ்சிச் சில்லெண்டா அச்சு நிலத்தில இருந்து ஒரு சாண் உயரம்தான், தண்ணி அந்த அச்சுக்கு வருமெண்டு கண்டா இறங்கித் திரும்புங்கோ. ஓடிச் சூடாகின மோட்டர் குளிர் தண்ணிக்குள்ள போனா உள்ளுக்க இருக்கிற காத்துச் சுருங்கி வெளித்தண்ணியை உறிஞ்சி எடுக்கும், அது அண்டைக்குத் தெரியாது, ஒரு மாசத்தால பேரிங் கத்தேக்கதான் தெரியும். சேவிஸ் ஸ்ரேசனில பிரசர் அடிச்சுக் கழுவுறதும் இதே கேடுதான், வாளித்தண்ணியும் துணியும் காணும். சார்ஜ் குத்திற ஓட்டைக்கு மூடி போயிருந்தா இண்டைக்கே ஒண்டு போடுங்கோ, ஈரமா இருந்தா துடைச்சுக் காயவிட்டுக் குத்துங்கோ.

குளம் நிரம்பி வான் பாயுதெண்டா நாங்கள் எல்லாரும் பாக்கப் போவம், நானும்தான், போகாம இருக்கேலாது. ஆனா வான் தண்ணி பாயிற மதகுக்கு மேலால, வட்டுவாகல் மாதிரித் தாழ்ந்த பாலங்களால, தண்ணி மேவிப் பாயேக்க பைக்கை விடாதேங்கோ. 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சி ஊருகள் வெள்ளத்தில மூழ்கினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடி வெள்ளத்தில பைக் மூழ்கினா சாவியைப் போட்டுப் பாக்கிற ஆசையை அடக்குங்கோ. சீற்றுக்குக் கீழ கரண்டை வெட்டிற பிறேக்கர் இருந்தா நிப்பாட்டுங்கோ, கொண்டு வந்து காட்டுங்கோ. லித்தியம் பற்றறி மூழ்கியிருந்தா, அதுவும் நந்திக்கடல், சாலைக் களப்பு மாதிரி உப்புத்தண்ணிப் பக்கமெண்டா, சார்ஜ் போடவே வேண்டாம், வீட்டுக்குள்ள வைக்கவும் வேண்டாம், நாள் கழிச்சும் தீப்பிடிக்கும், வளவில ஒதுக்குப்புறமா வையுங்கோ.

ஓட விருப்பமில்லை, மாரி முடிய எடுப்பம் எண்டிற ஆக்கள் ஈயப் பற்றறியை நிரப்பி, பிறேக்கரை நிப்பாட்டி, ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்காத் திருப்பிச் சார்ஜ் போடுங்கோ. அலாம், கொன்ரோலர் எல்லாம் நிண்ட இடத்திலயே கொஞ்சம் கொஞ்சமாச் சார்ஜைக் குடிக்கும். நல்லூர்த் திருவிழா முடிய வாங்கின புதுப் பைக்கைக் கார்த்திகையில நிப்பாட்டித் தைப்பொங்கலுக்கு எடுத்தா ஓடாது எண்டு கொண்டு வந்த ஒரு ஐயாவுக்குப் பற்றறி மாத்தச் சொல்லுறது எனக்கும் மனவருத்தம்தான், அந்தக் காசில அவருக்கு ஒரு போகத்துப் பசளை வாங்கலாம்.

இன்னொண்டு, இது எல்லாக் காலத்துக்கும். பைக் சத்தம் போடாது எண்டது எங்களுக்குச் சுகம், ஆனா மாட்டுக்கும் தெரியாது, றோட்டுக் கடக்கிற பிள்ளையளுக்கும் தெரியாது. மாரியில வயலெல்லாம் ஈரமெண்டு மாடுகள் தார் றோட்டில வந்து படுக்கும், கறுத்த மாடு இரவில கண்ணுக்குப் படாது, அதால இரவில 30ஐத் தாண்டாதேங்கோ, ஹெல்மற் இல்லாம ஏறாதேங்கோ. யானைக்கும் நீங்கள் வாறது கேக்காது, அதுக்குக் கிட்டப் போன பிறகுதான் ரெண்டு பேரும் காணுவியள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காட்டு றோட்டால ஓடுற ஆக்கள் பின்னேரம் அஞ்சு மணிக்கு முதல் காட்டைத் தாண்டுற மாதிரி வெளிக்கிடுங்கோ, சார்ஜையும் அதுக்கேத்த மாதிரி பத்துக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கிற கணக்கில வைச்சுக்கொள்ளுங்கோ, பொழுதுபட்ட நேரம் காட்டுக்குள்ள பைக்கை உருட்டிற நிலை ஒருத்தருக்கும் வரவேண்டாம்.