பிரிட்டனில் சின்ன இத்தாலியக் கார் வாங்குகிறீர்களா? முதலில் குனிந்து அடியில் பாருங்கள்

பிரிட்டனில் இத்தாலியக் கார் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1970களில் விற்ற லான்சியா பீட்டாவில் இன்ஜினைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து உளுத்தது. 1980-இல் கம்பெனியே பல கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கெட்ட பெயரிலிருந்து லான்சியா மீளவே இல்லை. 1994-இல் பிரிட்டிஷ் சந்தையை விட்டே போய்விட்டது.

2008-லிருந்து பிரிட்டிஷ் தெருக்களில் நிறைந்திருக்கும் ஃபியட் 500-ம் அதன் கூடப்பிறந்ததான பாண்டாவும் அந்த ரகம் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய காரிலும் கதவு, பானட், கூரையெல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் துரு அடியோடு போய்விடவில்லை, கண்ணில் படாத இடத்துக்கு இறங்கியிருக்கிறது. வாங்க வருகிறவர்கள் நிறத்தையும் சீட்டையும் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுக்கிறார்கள். ஏமாற்றம் வருவது அடியிலிருந்து.

அடியில் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் கல்லுப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீரை முன் சக்கரம் வாரி அடிப்பது நேராக இன்ஜினின் ஆயில் சம்ப் மேல். 1.2 பெட்ரோல் இன்ஜினில் சம்ப் என்பது ஆயில் தேங்கி நிற்க இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த ஒரு சட்டி. முதலில் அதன் பெயிண்ட் கொப்புளிக்கும். பிறகு அப்பளம்போலப் பொரிந்து உரியும். கடைசியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழும். அந்த இன்ஜின் கொள்ளும் மொத்த ஆயிலே 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். அதனால் சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும் சில வாரங்களில் அளவு அபாயக் கோட்டுக்குக் கீழே போய்விடும். டார்ச் அடித்து, விரலால் சம்ப்பைத் தடவிப் பாருங்கள். தூள் உதிர்ந்தால் விலை பேசலாம். செதில் செதிலாகக் கையோடு வந்தால், புது சம்ப் போடும் செலவைக் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். இன்னொருவர் காரை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கக் கூடாது. விரலும் டார்ச்சும் போதும்.

அடுத்தது பின் ஆக்ஸில். 2003-க்கும் 2012-க்கும் இடையே வந்த பாண்டாவில் இது பெரிய பலவீனம். பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம்போன்ற இடத்தில் சேறும் உப்பும் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். முற்றினால் ஸ்பிரிங் அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் பெயிலாகும் விஷயம் என்பதைவிட, உயிருக்கே ஆபத்தான விஷயம் இது. 500-இல் ஆக்ஸில் மேல்துருவோடு பார்க்க அசிங்கமாகத் தெரியும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங் உட்காரும் இடம் கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிவதும் சாதாரணம். குழி விழுந்த ரோடும் துருவும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஒடிந்த முனை டயரைக் கிழிக்கலாம். சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் தெரியும். ஒன்று ஒடிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

இந்தக் கார்களில் வீண் செலவு வைக்கும் ஒரு சின்ன வயர் உண்டு. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து கியர்பாக்ஸுக்கு இறங்கும் எர்த் வயர் அது. கியர்பாக்ஸ் பக்கத்து முனை உப்பில் பச்சை பூத்துப்போகும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது இழுவை குறையும், டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். பலரும் முதலில் புது பேட்டரி வாங்குகிறார்கள், அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். சோதிப்பது சுலபம். ஒரு ஜம்ப் லீடை எடுத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் மாட்டிவிட்டு சாவியைத் திருப்புங்கள். இன்ஜின் டக்கென்று பிடித்தால் குற்றவாளி அந்த வயர்தான். அதன் விலை சொற்பம்.

எந்த இன்ஜின்

பெரும்பாலானவர்களுக்கு 1.2 பெட்ரோல், மேனுவல் கியர். இதில் தயக்கமே தேவையில்லை. 69 குதிரைத்திறன்தான், மோட்டர்வேயில் மேடு ஏறும்போது கியரைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எளிமையான எட்டு வால்வு இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், ஸ்பேர் பார்ட்ஸ் மலிவு. இதற்கு டைமிங் பெல்ட் உண்டு, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் ரப்பர் பட்டை அது. வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான், ஆகவே இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். "20,000 மைல்தான் ஓடியிருக்கிறது, பெல்ட் புதுசு மாதிரி" என்று விற்பவர் சொல்வார். ரப்பர் மைலால் மட்டுமல்ல, வயதாலும் போகும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபியட் 1.2-இல் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. அதை நம்பி 69 குதிரைத்திறன் இன்ஜினில் பெல்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெல்ட் மாற்றியபின் இன்ஜின் விளக்கு மினுக்குவதுண்டு. கிராங்க் சென்சார் படிக்கும் பல்சக்கரத்தின் புது நிலையை இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அப்படி ஆகும். ஃபியட்டுக்கான டயக்னாஸ்டிக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் சில நிமிட வேலை. அது இல்லாதவரிடம் போனால் பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்.

ட்வின்ஏர் இன்ஜின் கதை வேறு. இரண்டே சிலிண்டர், 875 சிசி, டர்போ. ஓட்ட மிகவும் கலகலப்பாக இருக்கும். கம்பெனி சொன்ன மைலேஜ் காலனுக்கு 70 மைலை ஒட்டி இருந்தது, நிஜத்தில் பலருக்கும் கிடைப்பது 40-க்குச் சற்று மேல். அதைவிட முக்கியம் ஆயில். இந்த இன்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறப்பது ஆயில் அழுத்தம். அதற்கென்று மல்டிஏர் என்ற தனிப் பகுதி தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி குறிப்பிட்ட 0W-30 ஆயிலை விட்டு வேறு எதையாவது ஊற்றினாலோ, ஆயில் மாற்றுவதை இழுத்தடித்தாலோ, அதன் நுண்ணிய சல்லடை அடைத்துக்கொள்ளும். மல்டிஏர் பகுதி போய்விட்டால், பழைய காரின் விலையில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். ஆயில் மாற்றிய ரசீதுகள் வருடவாரியாக இல்லாத ட்வின்ஏரை, எத்தனை அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

1.3 மல்டிஜெட் டீசல் நல்ல இன்ஜின்தான், டைமிங் செயின் கொண்டது. ஆனால் ஸ்கூல், கடை என்று இரண்டு மைல் ஓட்டத்துக்கு ஆகாது. புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் அளவு ஏறும். லண்டனில் இன்னொரு தடையும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டன் பரோக்கள் (நகராட்சிப் பகுதிகள்) அனைத்தும் யூலெஸ் எனும் புகைக் கட்டண எல்லைக்குள் வந்துவிட்டன. யூரோ 6 என்ற புகை விதியை எட்டாத டீசலுக்கு ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2015 செப்டம்பருக்கு முந்தைய டீசல்கள் பெரும்பாலும் இதில் மாட்டும். பெட்ரோலுக்கு யூரோ 4 போதும், ஆகவே 500 பெட்ரோலுக்குக் கவலையில்லை. 2004, 2005 வருடத்துப் பாண்டாவாக இருந்தால் மட்டும், பணம் கொடுக்கும் முன் நம்பர் பிளேட்டைப் போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மலிவான சின்ன ஆட்டோமேட்டிக் தேடினால் முதலில் கண்ணில் படுவது டூவாலாஜிக் கியர் உள்ள 500. இது உண்மையான ஆட்டோமேட்டிக் அல்ல. மேனுவல் கியர்பாக்ஸ்தான் இருக்கிறது, கிளட்ச்சையும் கியரையும் உங்கள் கால், கைக்குப் பதிலாக ஒரு ஹைட்ராலிக் பம்ப் அழுத்தி மாற்றுகிறது. கிளட்ச் பெடல் இல்லாததால் அந்த லைசென்ஸில் ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கார் ஒரு கணம் தயங்கித் தலையாட்டும். ரவுண்டபவுட்டில் சட்டென்று புகும்போது அந்தத் தயக்கம் பயமுறுத்தும். பம்ப், அழுத்தம் தேக்கும் உருளை, கிளட்ச் எல்லாமே தேயும். காலையில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பம்ப் ஓடும் முனகல் கேட்கும். அது சில நொடியில் நின்றுவிட வேண்டும். கார் நின்றுகொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப முனகினால், அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். அந்தக் காரை வாங்காதீர்கள்.

2020-லிருந்து டூரினில் செய்யப்படும் எலெக்ட்ரிக் 500-க்கு கியர் தொல்லை கிடையாது. 24 கிலோவாட்-மணி பேட்டரிக்குக் கணக்கில் 118 மைல், 42-க்கு 199 மைல். குளிர்கால மோட்டர்வேயில் இரண்டுமே நன்றாகக் குறையும். வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் நகரத்துக்கு நல்ல வண்டி.

வரி, இன்சூரன்ஸ்

ரோடு டாக்ஸில் ஒரே ஒரு நாள் பெரிய வித்தியாசம் செய்யும். 2017 மார்ச் 31 வரை பதிவான கார்களுக்கு, கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்பதை வைத்து வரி. 2025 ஏப்ரல் கணக்குப்படி, 100 கிராமுக்குக் கீழே உள்ள ட்வின்ஏருக்கு வருடம் 20 பவுண்டு, 113 கிராம் வரும் 1.2-க்கு 35 பவுண்டு. 2017 ஏப்ரல் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பதிவான அதே காருக்கு அதே கணக்கில் 195 பவுண்டு. லாக்புக்கில் பதிவுத் தேதியைப் பாருங்கள்.

இன்சூரன்ஸில் 1.2 கீழ்ப்படிகளில்தான் வரும், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. 500-இன் வேகமான வடிவமான அபார்த் 595 அதே உருவத்தில் இருந்தாலும் இன்சூரன்ஸில் எங்கோ மேலே நிற்கும். பிள்ளைக்கு முதல் கார் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இடமும் பாதுகாப்பும்

500-இல் நான்கு சீட்டுதான், டிக்கி 185 லிட்டர். கைக்குழந்தையின் தள்ளுவண்டியை வைத்தால் காய்கறிப் பைக்கு இடமிருக்காது. இரண்டு கதவுதான் என்பதால் குழந்தை சீட்டைப் பின்னால் மாட்ட ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைக்க வேண்டும். அந்த வகையில் பாண்டா எவ்வளவோ மேல்: நான்கு பக்கக் கதவு, உயரமான கூரை, நிமிர்ந்த சீட். ஐந்தாவது ஆளுக்கு பெல்ட் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பல பாண்டாக்கள் நான்கு பேருக்கு மட்டும் வந்தவை.

இரண்டிலும் ஸ்டியரிங் மேலும் கீழும்தான் நகரும், உங்களை நோக்கி வராது. உயரமானவர்களுக்குக் கால் மடங்கி, கை நீண்டே இருக்கும். வலதுபக்க ஸ்டியரிங் காரில் பெடல்கள் நெருக்கமாக இருக்கும், இடது காலை ஓய்வாக வைக்க இடமும் போதாது. வழக்கமாகப் போடும் ஷூவோடு போய் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

யூரோ என்கேப் மோதல் சோதனையில் 500 2007-இல் 5 நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையானபின் 2017-இல் மறுபடி சோதித்தபோது 3. பாண்டாவுக்கு 2018-இல் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, குழந்தைப் பாதுகாப்பில் 16 சதவீதம்தான். நகரத்துக்குள் 20, 30 மைல் வேகத்தில் போய்வரும் ஒருவருக்கு இதை ஏற்றுக்கொள்ளலாம். வாரா வாரம் பிள்ளைகளோடு மோட்டர்வேயில் போகிற குடும்பத்துக்குப் பாண்டாவைப் பரிந்துரைக்க மனம் வராது.

ஓட்டிப் பார்க்கும்போது

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நில்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் சிவப்பு ஸ்டியரிங் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து அணைய வேண்டும். ஸ்டியரிங் விளக்கு அணையாவிட்டால் எலெக்ட்ரிக் ஸ்டியரிங் கோளாறாக இருக்கலாம், சரிசெய்யச் சில நூறு பவுண்டு ஆகும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அதே விளக்கு வரும் என்பதால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஏர்பேக் விளக்கு எரிந்தபடி இருந்தால் எம்ஓடி பெயில். முன் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர், சீட் முன்னும் பின்னும் நகர்ந்து நகர்ந்து தளர்வதுதான் பல நேரம் காரணம்.

நின்றபடி ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். "டங்" என்று ஸ்பிரிங் சத்தம் கேட்டால் முன் சஸ்பென்ஷனின் மேல் மவுண்ட் தேய்ந்திருக்கிறது. 500-இன் வெளிக் கைப்பிடிகள் ஒடிவது பிரசித்தம், அதனால் இரண்டு கதவையும் வெளியிலிருந்து பலமுறை திறந்து மூடுங்கள். துணிக்கூரை உள்ள 500சி என்றால் கூரையை மூன்று முறை முழுக்கத் திறந்து மூடி, டிக்கி விரிப்பைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

வேறு பெயரில் ஒளிந்திருக்கும் கார்களையும் மறக்க வேண்டாம். 2008-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃபோர்டு கா, 500-இன் அதே அடித்தளத்தில், போலந்தில் டிஹி நகரின் அதே தொழிற்சாலையில் உருவானது. 1.2 இன்ஜினும் அதேதான், நோய்களும் அதேதான். 2011 முதல் 2015 வரை கிரைஸ்லர் இப்சிலான் என்ற பெயரில் விற்றது உண்மையில் லான்சியா. அதன் இன்ஜின் சாமான்கள் கிடைக்கும், விளக்கு, பம்பர் போன்ற உடல் பாகங்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன்பே, நம்பர் பிளேட்டை வைத்து அரசுத் தளத்தில் பழைய எம்ஓடி முடிவுகளை இலவசமாகப் படித்துவிடலாம். பெயிலானதை மட்டும் படித்தால் போதாது. பாஸ் ஆன வருடங்களில் "ஆயில் கசிவு", "பின் ஆக்ஸில் துரு" என்று எச்சரிக்கையாக எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒரு வருடம் எழுதியிருந்து அடுத்த வருடம் காணாமல் போயிருந்தால், அந்த வேலைக்கு ரசீது எங்கே என்று கேளுங்கள். சரிசெய்திருக்கலாம், கறுப்புப் பெயிண்ட் அடித்தும் மறைத்திருக்கலாம். அதை அறியத்தான் கையில் டார்ச் இருக்கிறது.