முதல் சுற்று பிக்கும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்

மார்ச் மாதம் வந்தால் டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் என் கணக்கர் அலுவலகத்தில் இரண்டே பேச்சுதான். ஒன்று வருமான வரி. இன்னொன்று, எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான லீஃப்ஸ் இந்த முறை எதைக் கொடுத்து யாரை வாங்கப் போகிறது என்பது. வரிக் கணக்குக்குக் கெடு ஏப்ரல் 30. அதற்குச் சில வாரங்கள் முன்னால் ஹாக்கி அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு. "முதல் சுற்று பிக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வருபவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "வரம்பு போட்டுக் கொடுத்தார்களா, போடாமல் கொடுத்தார்களா?"

ஹாக்கி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 32 அணிகள். ஆண்டுதோறும் கோடையில், பெரும்பாலும் 18 வயதுப் பையன்களை, ஏழு சுற்றுகளில் அணிகள் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் தோற்றவர்களுக்கு முன்வரிசை, கோப்பையை வென்றவருக்கு முதல் சுற்றின் கடைசி இடம். அடிமட்டத்தில் இருப்பவர்களுக்குள் குலுக்கலும் உண்டு. இந்தத் தேர்வு உரிமைதான் பிக். யார் வரப்போகிறார், எத்தனையாவது இடம் என்று எதுவும் தெரியாத நிலையில், இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜெனரல் மேனேஜர் அதைக் கைமாற்றலாம். எங்கள் தொழிலில் இதைக் கடன் பத்திரம் என்போம்.

அந்தப் பத்திரத்துக்கு ஏன் அத்தனை மதிப்பு? 2005 முதல் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 18 வயதில் ஒப்பந்தம் போடும் பையனுக்கு முதல் மூன்று ஆண்டு சம்பளம் குறைவு. அவன் தேறிவிட்டால் அணிக்குக் கொள்ளை லாபம். தேறாமல் போகிறவர்களும் ஏராளம். தேறுபவனும் முழுதாகத் தயாராகப் பல நேரம் நாலைந்து ஆண்டு பிடிக்கும். அதற்குள் அவனைத் தேர்ந்தெடுத்த மேனேஜருக்கே வேலை போயிருக்கலாம்.

சீட்டுப் பிடித்தவர்களுக்கு மீதி தானாகப் புரியும். அவசரம் இருப்பவர் தள்ளி எடுப்பார், பொறுத்திருப்பவருக்குத் தள்ளின தொகையில் பங்கு வரும். (என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தார். அவர்கள் "கழிவு" என்பார்கள், நான் தஞ்சாவூர்க்காரன், "தள்ளு" என்பேன். ஒரே வலிதான்.) தள்ளி எடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். எதற்காக எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

டாம்பா பே அணியைப் பாருங்கள். 2018-19இல் 62 ஆட்டங்களை வென்றுவிட்டு, கோப்பைக்கான பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்றிலேயே நாலுக்கு பூஜ்யம் என்று வெளியேறினார்கள். 2020 பிப்ரவரியில் மேனேஜர் ஜூலியன் பிரீஸ்பா இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ என்ற இருவரை வாங்கினார். கோல்மனுக்காக ஒரு இளம் ஆட்டக்காரரையும் சேர்த்துக் கொடுத்தார். இருவரும் நட்சத்திரங்கள் இல்லை. மூன்றாம் வரிசை ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவா என்று பலரும் சிரித்தார்கள். ஆனால் இருவருக்கும் சம்பளம் குறைவு, ஒப்பந்தத்தில் இன்னும் ஓர் ஆண்டும் மீதி. டாம்பா 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்றது. குட்ரோவுக்காகக் கொடுத்த பிக் கடைசியில் எத்தனையாவது இடம்? 31. அப்போது இருந்தவை 31 அணிகள், அதாவது சுற்றின் கடைசி இடம்.

இங்கேதான் இந்தப் பத்திரம் வங்கிக் கடனிலிருந்து வேறுபடுகிறது. நீங்கள் ஜெயித்தால் கடன் சுருங்கும், தோற்றால் ஊதும். உங்கள் நிலைமை மோசமாகும் அதே நேரத்தில் நீங்கள் கட்ட வேண்டியதும் கூடும்.

டொராண்டோக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1989இல் டாம் கர்வர்ஸ் என்ற தடுப்பாட்டக்காரருக்காக 1991ஆம் ஆண்டின் முதல் சுற்று பிக்கை நியூ ஜெர்சிக்குக் கொடுத்தார்கள். பிக் மூன்றாவது இடத்தில் வந்து விழுந்தபோது கர்வர்ஸ் டொராண்டோவிலேயே இல்லை. நியூ ஜெர்சி எடுத்த பையன் ஸ்காட் நீடர்மயர், பின்னாளில் நாலு கோப்பை. அப்புறம் 2009. அப்போதைய லீஃப்ஸ் மேனேஜர் பிரையன் பர்க், ஃபில் கெஸல் என்ற ஆட்டக்காரருக்காக இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் பாஸ்டனுக்குக் கொடுத்தார், வரம்பு எதுவும் இல்லாமல். கெஸல் நன்றாகவே கோல் அடித்தார், அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அணிதான் அந்தப் பருவத்தில் 30இல் 29ஆவது இடம். பாஸ்டனுக்குக் கிடைத்தவர்கள் டைலர் செகின், டகி ஹாமில்டன். செகின் 19 வயதில் 2011 கோப்பையைத் தூக்கினார். பர்க்கின் பிழை கெஸலை வாங்கியது அல்ல, தன் அணி எங்கே நிற்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டது.

அதே தப்புக் கணக்கை நான் என் மேசையில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மைத்துனரின் உணவகக் குத்தகைக்கு ஒருவர் ஜாமீன் போட்டார். மாத வாடகை தெரியும், அதைத் தாங்கலாம் என்று நினைத்தார். தாளில் தொகை வரம்பும் இல்லை, கால வரம்பும் இல்லை. கடை ஓடியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு செலவும் இல்லை. கடை படுத்தது. பாக்கி வாடகை, வட்டி, வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து வீட்டின் மேல் இரண்டாவது அடமானத்தில் போய் நின்றது. என்னிடம் அவர் வந்தது கையெழுத்துப் போட்ட பிறகு.

வரம்பு போட்டுக் கொடுப்பது எப்படி என்பதற்கும் டொராண்டோவிலேயே உதாரணம் உண்டு. 2019இல் பேட்ரிக் மார்லோவின் 62.5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்கியாக வேண்டும். 35 வயதுக்கு மேல் போட்ட ஒப்பந்தம், பணம் கொடுத்து முறித்தாலும் சம்பளக் கணக்கிலிருந்து போகாது. மேனேஜர் கைல் டூபஸ் அவரை கரோலினாவுக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்வதற்குக் கூலியாக 2020 முதல் சுற்று பிக்கைக் கொடுத்தார். ஆனால் ஒரு வரி சேர்த்தார்: முதல் பத்து இடத்துக்குள் வந்தால் அந்த ஆண்டு தரமாட்டோம். பிக் 13ஆவது இடத்தில் விழுந்தது, கரோலினா செத் ஜார்விஸை எடுத்தது. நல்ல ஆட்டக்காரர்தான், வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் எவ்வளவு வரை வலிக்கலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் மறக்கக் கூடாது. மான்ட்ரியல் அணியின் மேனேஜர் சாம் பொலாக், 1970இல் கலிஃபோர்னியா சீல்ஸ் அணியின் அடுத்த ஆண்டு பிக்கை வாங்கி வைத்துக்கொண்டார். நடுப் பருவத்தில் தன் ஆட்டக்காரர் ரால்ஃப் பாக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார். அந்த அணி தேறி, சீல்ஸ் கடைசியில் நிற்கட்டும் என்றே அனுப்பினார் என்பது இன்றுவரை ஹாக்கி உலகப் பேச்சு. சீல்ஸ் கடைசியில்தான் நின்றது. பொலாக் எடுத்தது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான கீ லஃப்லரை. உங்கள் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கமாட்டார்.

2025 மார்ச்சில் லீஃப்ஸ், பிராண்டன் கார்லோ என்ற தடுப்பாட்டக்காரருக்காக 2026 முதல் சுற்று பிக்கை பாஸ்டனுக்கே கொடுத்தது. முதல் ஐந்து இடத்துக்கு மட்டும் பாதுகாப்பு. அந்த வாரம் வரித் தாள்களோடு வந்த ஓர் இளைஞர், "ஆறாவது இடம் வந்தால், சார்?" என்றார். போய்விடும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து தன் தங்கை கடைக்கான குத்தகைத் தாளை எடுத்து, "இதில் அந்த வரி எங்கே இருக்கும்?" என்று கேட்டார். பதினாலு பக்கம். இருவரும் தேடினோம், இல்லை. அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனார்.