வரி முடிவில் ஒரு குறிப்பு: எடிட்டர் நிரலுக்கு நிறம் பூசும் விதம்

நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளான எடிட்டரில், சி மொழியில் எழுதிய நீளமான கோப்பு ஒன்றைத் திறந்து, மேலே எங்காவது /* என்று மட்டும் தட்டிப் பாருங்கள். அடுத்த */ வரும்வரை கீழே உள்ள அத்தனை வரிகளும் கமெண்டின் (கணினி பொருட்படுத்தாத விளக்கவுரையின்) நிறத்துக்கு மாறிவிடும். அந்த வரிகளில் நீங்கள் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

எடிட்டரில் புதிய மொழியைச் சேர்க்க கீவேர்ட் (மொழிக்கே உரிய சிறப்புச் சொல்) பட்டியல் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று. மேற்கோள்குறிக்குள் வரும் 'இஃப்' கீவேர்ட் ஆகாது. சொல் எது என்பதைவிட, அது எதற்குள் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

2004-இல் மேக் கணினிக்கு வந்த டெக்ஸ்ட்மேட் எடிட்டரின் முறையைத்தான் விஎஸ் கோட் எடிட்டர் இன்றும் பின்பற்றுகிறது. இலக்கணக் கோப்பில் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களாக (எழுத்துக் கோவைகளைத் தேடும் வடிவங்களாக) விதிகளை எழுதுகிறோம்: இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது. விதிகள் பெயர் மட்டுமே சூட்டும். எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பதை நிறத்தொகுப்பான தீம் பார்த்துக்கொள்ளும்.

எடிட்டர் வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரி முடிவிலும் இன்னும் மூடப்படாத விதிகள் எவை என்று குறித்து வைக்கிறது. 500-வது வரியைத் திருத்தினால், 499-இன் முடிவில் இருந்த குறிப்பை எடுத்துக்கொண்டு அங்கிருந்து படிக்கும். 500-இன் முடிவில் கிடைக்கும் குறிப்பு பழையதோடு ஒத்துப்போனால் அங்கேயே நின்றுவிடும். மாறியிருந்தால்தான் கீழே இறங்கும். பெரிய கோப்பிலும் தட்டச்சு தடைபடாமல் ஓடுவதற்கு இது பெரிய காரணம். இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் ) அடைப்புக்குப் பின் ஒரு / வந்தால்? கணக்கு முடிந்த அடைப்பென்றால் அது வகுத்தல். 'இஃப்' நிபந்தனையின் அடைப்பென்றால் ரெகுலர் எக்ஸ்பிரஷனின் தொடக்கம். அந்த அடைப்பு எங்கே, எதற்காகத் திறந்தது என்று தெரிந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஆட்டம் எடிட்டருக்காக மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்ற நிரல் பகுப்பான் இதைக் கையாளுகிறது. நிரல் முழுவதையும் இலக்கண மரமாகவே கட்டுகிறது. திருத்தம் வந்தால் பாதிக்கப்பட்ட கிளைகளை மட்டும் புதுப்பிக்கிறது. பாதி எழுதிய வரியைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றவும் முயல்கிறது. 2023-இல் வந்த ஈமேக்ஸ் 29-இலும் அதற்கு இடம் கிடைத்தது.

மரத்துக்கும் எட்டாதவை உண்டு. சி-யில் இரண்டு பெயர்களுக்கு நடுவே * வந்தால் அது பெருக்கலா, பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) அறிவிப்பா? முதல் பெயர் ஒரு டைப்பா (தரவின் வகையா) என்பது அறிவிப்புகள் அடங்கிய வேறொரு ஹெடர் கோப்பில் இருக்கலாம். அதையெல்லாம் தேடிப் படிப்பது எடிட்டருக்குத் துணையாகப் பின்னணியில் ஓடும் லாங்வேஜ் சர்வர் என்ற தனி நிரலின் வேலை. அதற்குச் சற்று நேரம் பிடிக்கும். கோப்பைத் திறந்த சில நொடிகள் கழித்துச் சில பெயர்கள் மட்டும் நிறம் மாறுவது அதனால்தான்.