போனில் எடுத்தால் நிலா ஏன் டியூப்லைட் ஆகிவிடுகிறது?

பௌர்ணமி அன்று மொட்டை மாடிக்குப் போய் போனைத் தூக்காதவர்கள் குறைவு. கண்ணுக்குத் தட்டு மாதிரி தெரிந்த நிலா, படத்தில் தெருவிளக்கு போல ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கும். கேமரா சரியில்லை என்று விட்டுவிடுகிறோம். பாதித் தப்புதான் கேமராவுடையது.

இரவு நமக்குத்தான். நிலாவில் நம் பக்கம் திரும்பியிருக்கும் தரை முழுவதும் அந்த நேரம் பகல், மறைக்க ஒரு மேகம்கூட இல்லாத வெயில். ஆக நாம் படமெடுப்பது வெயிலில் கிடக்கும் பாறையை. போனின் ஆட்டோ கணக்குக்கு இது எங்கே தெரிகிறது? திரை முழுக்கக் கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டு, அடடா இருட்டு என்று வெளிச்சத்தை ஏற்றோ ஏற்றென்று ஏற்றும், நிலா வெளுத்துப்போகும்.

வெயிலில் படமெடுக்க எஃப் 16 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எஃப் எண் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது. நிலாவுக்கு அதையே ஒரு படி திறந்து எஃப் 11 வைப்பார்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், 100 என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 நொடி. ஒரு படி எதற்கு என்றால், நிலாத் தரை கிட்டத்தட்ட பழைய தார் ரோடு நிறம். விழும் வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது! பாலைப் போல் என்று பாடியதெல்லாம் சுற்றியிருக்கும் இருட்டின் தயவு.

போனில் இத்தனை கணக்கு வேண்டாம். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கறைகள் தெரியும் வரை கீழே இழுங்கள். அவ்வளவுதான்.

மீதிப் பாதித் தப்பு அளவில். வானத்தில் நிலா வெறும் அரை டிகிரி, கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் மறைந்துவிடும். லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லில்) விழும் நிலாவின் அகலம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸுக்கே 1.8 மி.மீ.தான். போனின் மெயின் லென்ஸ் 6 மி.மீ. என்று வைத்தால் 0.05 மி.மீ., அதை எத்தனை ஜூம் செய்தாலும் இழுத்த ரப்பர்தான்.

கோபுரத்துக்குப் பின்னால் கோபுர உயரத்துக்கு நிலா நிற்கும் படங்களுக்கும் இதே 110தான் சூத்திரம், கோபுர உயரத்தை 110ஆல் பெருக்கினால் நிற்க வேண்டிய தூரம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். நிலாவும் அதே உயரம் தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் தள்ளி நின்று பெரிய லென்ஸால் எடுக்க வேண்டும். கோபுர வாசலில் நின்று எடுத்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, பள்ளங்கள்தான் வேண்டுமென்றால் பௌர்ணமி சரியான நாளே இல்லை. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் அங்கே நிழலே விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அரை நிலா அன்று ஒளியும் இருளும் சேரும் கோட்டோரம் பாருங்கள். ஆனால் வெளிச்சம் பாதியாக அல்ல, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும், ஷட்டரை மெதுவாக்க வேண்டியிருக்கும்.

ஊரோடு சேர்த்து எடுக்கப் பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்லது. நிலா பொழுது சாய்வதற்கு முன்பே ஏறியிருக்கும், வானத்திலும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும், வீடும் மரமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கிவிடும்.